குளிசை தொடங்கிய முதல் ஆறு கிழமை

நெவிராபின் என்ற எச்.ஐ.வி மருந்தைத் தொடங்குவதற்கு ஒரு விதி உண்டு. முதல் 14 நாளும் நாளுக்கு 200 மில்லிகிராம் குளிசை ஒன்று மட்டும். பதினைந்தாம் நாளிலிருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இடையில் ஏழு நாளுக்கு மேல் மருந்தை விட்டவர் திரும்பவும் ஒரு குளிசையிலிருந்தே தொடங்க வேண்டும். அந்த முதல் 14 நாளில் தோலில் தடிப்புத் தோன்றினால், அது முற்றாக மாறும்வரை இரண்டாவது குளிசையைச் சேர்க்கவே கூடாது. உடலில் பெருகிக்கொண்டிருக்கும் வைரசை அடக்க வந்த மருந்தை எடுத்த எடுப்பிலேயே முழு அளவில் கொடுக்காமல் இப்படிப் படிப்படியாகக் கொடுப்பதற்குக் காரணம் தோல்தான்.

நெவிராபின் எடுப்பவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்குத் தோலில் ஏதோ ஒரு தடிப்பு வருகிறது. அநேகமானோருக்கு அது சில நாளில் ஆறிவிடும். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குக் கடுமையாகும். ஆயிரத்தில் ஒரு சிலருக்கு, தோலும் வாயும் கண்ணும் ஒன்றாகக் கொப்புளித்து உரியும் நிலை ஏற்படும். அது உயிரைப் பறிக்கக்கூடியது. இவற்றுள் பெரும்பாலானவை மருந்து தொடங்கிய முதல் ஆறு கிழமைக்குள் நிகழ்கின்றன.

எச்.ஐ.வி மருந்தைக் கண்டு யாரும் பயப்பட வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. ஒழுங்காகக் குளிசை எடுப்பவர் இன்று மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழலாம். இரத்தத்தில் வைரசு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நிலைத்தவரிடமிருந்து உடலுறவின் மூலம் தொற்று பரவுவதில்லை. இவ்வளவு நன்மை தரும் மருந்தைச் சிறு தடிப்புக்குப் பயந்து கைவிடுவதும் ஆபத்து. உடல் கடுமையாக எச்சரித்த பின்னும் விழுங்கிக்கொண்டிருப்பதும் ஆபத்து. எது சிறு தடிப்பு, எது எச்சரிக்கை என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால், அந்த ஆறு கிழமையைப் பாதுகாப்பாகக் கடந்துவிடலாம்.

மலிவாகக் கிடைத்த மருந்து

இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். டொக்டர் சுனிதி சொலமனும் அவரது மாணவி நிர்மலாவும் எடுத்த முயற்சி அது. அடுத்த ஆண்டு இலங்கையிலும் முதல் தொற்று பதிவாயிற்று. வைரசை நிலையாக அடக்கும் கூட்டு மருந்து எதுவும் அப்போது இருக்கவில்லை.

1996இல் ஐக்கிய அமெரிக்காவில் நெவிராபினுக்கு அனுமதி கிடைத்தது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரசு அடங்குகிறது என்பதும் அக்காலத்திலேயே தெளிவாயிற்று. ஆனால் அந்தச் சிகிச்சைக்கு ஒருவருக்கு ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் செலவானது. 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனத்தை நடத்திய யூசுப் ஹமீத், அதே சிகிச்சையை ஆண்டுக்கு 350 டொலருக்குத் தருவதாக அறிவித்தார். அவர் தந்த கூட்டில் இருந்த மூன்று மருந்துகள் ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின். 2004 ஏப்ரல் 1ஆம் திகதி இந்திய அரசு இலவசச் சிகிச்சையைத் தொடங்கியபோது, சென்னைக்கு அருகே தாம்பரத்தில் உள்ள அரசு நெஞ்சுநோய் மருத்துவமனை முதல் நிலையங்களில் ஒன்றாயிற்று. அங்கும் முதல் வரிசையில் நின்றது நெவிராபின்தான். இலங்கையிலும் அதே ஆண்டின் இறுதியிலிருந்து எச்.ஐ.வி சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது.

ஏழை நாடுகளில் இலட்சக்கணக்கானோரைக் காப்பாற்றிய மருந்து இது. உகண்டாவில் நடந்து 1999இல் வெளியான ஆய்வு, பிரசவ வேளையில் தாய்க்கு ஒரு குளிசையும் பிறந்தபின் குழந்தைக்கு ஒரு வேளை மருந்தும் கொடுத்தாலே தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று காட்டியது. அத்தகைய மருந்தை, ஒரு சிலரின் தோல் உரிந்துவிடுகிறது என்பதற்காக ஒதுக்கிவைக்க முடியாது. யாருக்கு, ஏன், எப்போது அது நிகழ்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தோல் உரியும் வருத்தம்

1922இல் நியூயோர்க்கில் ஸ்டீவன்ஸ், ஜோன்சன் என்ற இரு வைத்தியர்கள் இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். காய்ச்சல், வாய் முழுவதும் புண், கண்ணில் கடும் அழற்சி, உடல் எங்கும் தடிப்பு. அந்த நிலைக்கு இன்றுவரை ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் நோய் என்றே பெயர். 1956இல் ஸ்கொட்லாந்தின் தோல் வைத்தியர் அலன் லயல், வெந்நீர் பட்டதைப் போல மேற்றோல் கழன்றுவிடும் இன்னும் கடுமையான நிலையை விவரித்தார். இரண்டும் ஒரே நோயின் இரு அளவுகள் என்பதே இன்றைய புரிதல். உடற்பரப்பில் பத்து சதவீதத்துக்குக் குறைவாக உரிந்தால் ஸ்டீவன்ஸ்-ஜோன்சன். 30 சதவீதத்துக்கு மேல் உரிந்தால் லயல் விவரித்த நிலை. இடைப்பட்டது இரண்டும் கலந்தது. நோயாளியின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவருடைய உடற்பரப்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம். வைத்தியர்கள் அந்தக் கணக்கில்தான் உரிந்த பரப்பை அளக்கிறார்கள். முதல் நிலையில் இருபது பேரில் ஒருவர் முதல் பத்துப் பேரில் ஒருவர் வரை இறக்கக்கூடும். கடைசி நிலையில் மூவரில் ஒருவர் வரை.

தோல் போனால் ஏன் உயிர் போகிறது? உடலின் நீர் வெளியேறாமல் தடுப்பது தோல். உடல் வெப்பத்தைக் காப்பதும், கிருமி உள்ளே நுழையாமல் மறிப்பதும் அதுதான். மேற்றோல் கழன்றவுடன் நீரும் உப்பும் புரதமும் கசிகின்றன, உடல் குளிர்கிறது, இரத்தத்தில் கிருமி புகுகிறது. அதனால்தான் இவர்களைத் தீக்காய நோயாளிகளைப் போல, வெப்பமும் நீரும் ஊட்டமும் குறையாமல், புண்ணில் தொற்று ஏறாமல் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். கண்ணின் மெல்லிய சவ்வு புண்ணாகி ஒட்டிக்கொண்டால், தோல் ஆறிப் பல மாதங்களின் பின்னரும் பார்வை மங்கக்கூடும்.

எல்லாக் கடும் விளைவும் இப்படித் தோலை உரிப்பதில்லை. இன்னொரு வகையில் காய்ச்சலும் தடிப்பும் வந்து, முகம் வீங்கி, கழுத்தில் நெறி கட்டி, ஈரல் அழற்சியடையும். தோலில் பெரிதாக ஒன்றும் தெரியாதபோதே உள்ளே ஈரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். நெவிராபின் இரண்டு வகையையும் ஏற்படுத்தக்கூடியது.

தன் உடலையே தாக்கும் கலங்கள்

இந்தக் கடும் விளைவு மருந்தின் நஞ்சு நேரடியாகத் தோலைச் சுடுவதால் வருவதன்று. நிர்ப்பீடனம் எனப்படும் நோயெதிர்ப்புத் தொகுதி, மருந்து கலந்த தன் சொந்தக் கலங்களை அந்நியம் என்று தவறாகக் கணித்துக் கொல்கிறது.

நம் உடலின் ஒவ்வொரு கலமும் தன்னுள்ளே இருக்கும் புரதங்களின் சிறு துண்டுகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கிறது. அவற்றை ஏந்தும் புரதங்களுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். நோயெதிர்ப்புத் தொகுதியின் ரி கலங்கள் சுற்றிவந்து அந்தத் துண்டுகளைப் பரிசோதிக்கின்றன. தெரிந்த துண்டு என்றால் விட்டுவிடும். வைரசின் துண்டு என்றால் அந்தக் கலத்தையே அழிக்கும். எச்.எல்.ஏ. புரதம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே மருந்து ஒருவருக்கு ஒன்றும் செய்யாமல் இன்னொருவரின் தோலை உரிப்பதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று இந்த வேறுபாடு.

இதைத் தெளிவாகக் காட்டியது அபகாவிர் என்ற இன்னொரு எச்.ஐ.வி மருந்து. 1998இல் பாவனைக்கு வந்த இதை எடுத்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பேருக்குக் காய்ச்சல், தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு என்று ஒவ்வாமை வந்தது. மருந்தை நிறுத்தினால் மாறிவிடும். ஆனால் அதே ஆள் அதை மீண்டும் ஒருமுறை எடுத்தால், சில மணி நேரத்தில் இரத்த அழுத்தம் விழுந்து இறக்கவும் கூடும். 2002இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் சைமன் மலால் குழுவினர், ஒவ்வாமை வந்தவர்களிடம் எச்.எல்.ஏ.-பி*57:01 என்ற குறிப்பிட்ட வகை இருப்பதைக் கண்டார்கள். 2008இல் வெளியான, 19 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ இரண்டாயிரம் பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு பிரிவினருக்கு இரத்தப் பரிசோதனை செய்து, இந்த வகை இருப்பவர்களை முன்கூட்டியே விலக்கிவிட்டு மருந்து கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் உறுதிப்படுத்தப்பட்ட ஒவ்வாமை ஒருவருக்குக்கூட வரவில்லை. இந்த வகை தெற்காசியரிடையே அரிதானதன்று; எனவே அபகாவிர் தொடங்கு முன் இந்தப் பரிசோதனை நமக்கும் முக்கியம்.

2012இல் காரணமும் தெரியவந்தது. அபகாவிர் மூலக்கூறு எச்.எல்.ஏ. புரதத்தின் பள்ளத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. முறுக்கு உரலில் அச்சை மாற்றினால் அதே மாவு வேறு வடிவில் வருவதைப் போல, உடலின் அதே புரதங்களிலிருந்து இதுவரை காட்டப்படாத துண்டுகள் கலத்தின் மேற்பரப்புக்கு வருகின்றன. ரி கலங்கள் அவற்றை முன்பு கண்டதில்லை. உடனே தாக்குகின்றன.

நெவிராபினின் வழி வேறு. யாழ்ப்பாணத்தார் பலர் குடியேறி வாழும் ரொறன்ரோவில், ஜக் யூட்ரெக்ட் என்ற ஆய்வாளரின் குழு எலிகளில் இதை ஆராய்ந்தது. ஈரல் நெவிராபினை உடைத்து உண்டாக்கும் ஒரு பொருள் தோலை அடைகிறது. அங்குள்ள ஒரு நொதியம் அதை மேலும் மாற்றி, தோலின் புரதங்களோடு பிணையக்கூடிய பொருளாக்குகிறது. அந்த நொதியத்தைத் தடுக்கும் பூச்சு ஒன்றைத் தோலில் தடவியபோது, தடவிய இடத்தில் மட்டும் தடிப்பு வரவில்லை. தோலுக்குள் நடக்கும் ஒரு வேதிமாற்றம்தான் அங்கே தடிப்பை உண்டாக்குகிறது என்பதற்கு அது நேரடிச் சான்று. அதே குழு, எலிகளுக்கு முதல் இரண்டு கிழமை குறைந்த அளவில் கொடுத்து, பின்னர் அளவைக் கூட்டினால் தடிப்பு வராமல் போவதையும் கண்டது.

மனிதரிலும் முதல் 14 நாள் விதியின் அடிப்படை இதுவே. நெவிராபின், தன்னை உடைக்கும் ஈரல் நொதியங்களைத் தானே தூண்டிப் பெருக்குகிறது. தொடக்கத்தில் உடலிலுள்ள மருந்து பாதியாகக் குறைய ஏறத்தாழ 45 மணி நேரம் எடுக்கும். சில கிழமைக்குப் பின் 25 முதல் 30 மணி நேரம் போதும். நொதியம் பெருகு முன் முழு அளவைக் கொடுத்தால் இரத்தத்தில் மருந்து அளவுக்கு மீறித் தேங்கும், தடிப்பும் கூடும்.

தாக்குதலின் கடைசிக் கட்டத்தைத் தாய்வானில் சுங் வென்-ஹுங் குழுவினர் 2008இல் கண்டுபிடித்தனர். நோயாளிகளின் கொப்புள நீரை எடுத்துப் பார்த்தபோது கிரானுலைசின் என்ற புரதம் மற்றக் கொல்லும் புரதங்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருந்தது. ரி கலங்கள் வெளியிடும் ஆயுதம் அது. அதைச் சுண்டெலியின் தோலில் செலுத்தியதும் அங்கே அதே போன்ற கொப்புளமும் கல அழிவும் ஏற்பட்டன. கொப்புளம் தோன்றுகிறது என்றால், உள்ளே கலங்கள் கொல்லப்படத் தொடங்கிவிட்டன என்று பொருள். அதன்பின் காத்திருந்து பார்ப்பதற்கு நேரமில்லை.

எச்.ஐ.வி உள்ளவருக்கு ஏன் கூடுதல்?

பொதுமக்களில் பத்து இலட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஒருவர் முதல் ஆறு பேர் வரைதான் இந்தத் தோல் உரியும் நோய்க்கு ஆளாகிறார்கள். எச்.ஐ.வி உள்ளவர்களிடம் அந்த அபாயம் நூறு மடங்குக்கும் மேல். காரணம் ஒன்றல்ல. மருந்துச் சிதைவுப் பொருள்களின் நஞ்சை முறிக்கும் குளுட்டதயோன் அவர்கள் உடலில் குறைந்திருக்கும். நோயெதிர்ப்பை அடக்கி ஆளும் ரி கலங்களையும் வைரசு அழித்துவிடுவதால், தாக்கும் கலங்களுக்குக் கடிவாளம் தளர்கிறது. இவற்றோடு, பல புதிய மருந்துகளைச் சில கிழமைக்குள் ஒன்றாகத் தொடங்க வேண்டியும் வருகிறது.

நுரையீரல் தொற்றைத் தடுக்கக் கொடுக்கும் கோட்ரைமொக்சசோல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பக்ட்ரிம், செப்ட்ரின் என்ற பெயர்களில் பலருக்கும் தெரிந்த சல்பா மருந்து அது. எதிர்ப்புச் சக்தி தளர்ந்த எச்.ஐ.வி நோயாளிகளிடம் அது மற்றவர்களைவிட மிக அடிக்கடி தடிப்பை ஏற்படுத்துகிறது. நெவிராபினின் போக்கோ நேர்மாறு. எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ளவரிடமே அது கூடுதலாகத் தீங்கு செய்கிறது. எதிர்ப்புச் சக்தியின் அளவைக் காட்டும் சி.டி.4 கலங்களின் எண்ணிக்கை இரத்தத்தில் 250க்கு மேல் உள்ள பெண்களுக்கும் 400க்கு மேல் உள்ள ஆண்களுக்கும் ஈரல் பாதிப்பின் அபாயம் அதிகம் என்பதால் அவர்களுக்கு அதைத் தொடங்குவதில்லை. தற்செயலாக ஊசி குத்துப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் சிலர், தொற்று வராமல் தடுக்க நெவிராபின் எடுத்து, ஈரலும் தோலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். ஒருவருக்கு ஈரல் மாற்று அறுவைச் சிகிச்சையே தேவைப்பட்டது. 2001இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதை வெளியிட்ட பிறகு, அந்தத் தேவைக்கு நெவிராபின் கொடுப்பது கைவிடப்பட்டது.

காசநோய் சேர்ந்திருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. தையாசெற்றசோன் என்ற மலிவான காசநோய் மருந்தை, 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் ஆய்வு நிலையம் 1960களில் பரிசோதித்தது. ஏழை நாடுகள் பலவற்றில் அது நம்பிக்கையான மருந்தாக இருந்தது. எச்.ஐ.வி பரவிய பின் நிலைமை மாறியது. கென்யாவின் நைரோபியில் நடந்து 1991இல் வெளியான ஆய்வில், எச்.ஐ.வி உள்ள காசநோயாளரில் ஐந்தில் ஒருவருக்கு அந்த மருந்தால் தோல் விளைவு வந்தது, எச்.ஐ.வி இல்லாதவரில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான். எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. பல்லாண்டு பாதுகாப்பாகப் பாவித்த மருந்துகூட, நோயெதிர்ப்பின் நிலை மாறியவரிடம் வேறு மருந்தாகிவிடும் என்பது அந்த அனுபவம் தந்த பாடம். ஒரே கிழமையில் காசநோய் மருந்தும் கோட்ரைமொக்சசோலும் எச்.ஐ.வி மருந்தும் தொடங்கினால், தடிப்பு வரும்போது குற்றவாளி எது என்று கண்டுபிடிப்பதும் கடினம். இடைவெளிவிட்டு ஒவ்வொன்றாகத் தொடங்குவது அதனால்தான்.

நிறுத்துவதா, தொடர்வதா?

தோல் உரியும் நோய்க்குச் சிறந்த சிகிச்சை, காரணமான மருந்தை உடனே நிறுத்துவது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், உடலிலிருந்து விரைவாக வெளியேறும் மருந்துகளை ஒவ்வொரு நாள் முந்தி நிறுத்தும்போதும் இறக்கும் அபாயம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. நெடுநேரம் தங்கும் மருந்துகளில் அந்தப் பயன் தெரியவில்லை. அவை நிறுத்திய பின்னும் உடலில் இருக்கும். நெவிராபின் அந்த இரண்டாம் வகை. ஆகவே, முதல் அறிகுறியிலேயே வைத்தியரிடம் சேர்வது இன்னும் அவசியம்.

ஆனால் சின்னத் தடிப்பு வந்ததும் தானாகவே எல்லாக் குளிசையையும் நிறுத்துபவருக்கு வேறொரு கேடு. மூன்று மருந்தையும் ஒன்றாக விட்டால், மற்ற இரண்டும் ஓரிரு நாளில் உடலைவிட்டுப் போய்விடும்; நெவிராபின் மட்டும் பல நாள் தனியே மிஞ்சும். தனி மருந்தைச் சந்திக்கும் வைரசு அதை வெல்லக் கற்றுக்கொள்ளும். நாளை அந்த மருந்து வேலை செய்யாது. ஆதலால் கடி மட்டும் உள்ள, காய்ச்சலோ புண்ணோ இல்லாத தடிப்புக்கு, குளிசையை விடாமல் அன்றே கிளினிக்கில் கேட்க வேண்டும்.

கண் சிவந்து எரிதல், வாயில் புண், விழுங்க முடியாத நோவு, கடிக்குப் பதிலாகத் தோல் நோதல், கொப்புளம், முகம் வீங்குதல், காய்ச்சலோடு தடிப்பு, கண் மஞ்சளாதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் கதை வேறு. அடுத்த குளிசையை விழுங்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பாமசியில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டெரொய்டை வாங்கிப் போட்டுப் பார்க்கலாம் என்பது ஆபத்தான யோசனை. தடிப்பைத் தடுப்பதற்காக நெவிராபினோடு ஸ்டெரொய்ட் மருந்து சேர்த்துப் பார்த்த ஆய்வில் தடிப்பு கூடியதேயன்றிக் குறையவில்லை. உயிர் தப்பியவர் அந்த மருந்தை வாழ்நாளில் திரும்ப எடுக்கக் கூடாது. வேறு வணிகப் பெயரில், வேறு கூட்டுக் குளிசைக்குள் அதே மருந்து ஒளிந்திருக்கலாம் என்பதால் அதன் பெயர் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

குடாநாட்டில் அந்த ஆறு கிழமை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எச்.ஐ.வி உள்ளவர்கள் மிகச் சிலர். இலங்கையில் வயது வந்தோரில் இத்தொற்று 0.1 சதவீதத்துக்கும் குறைவு. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அங்கு போவதற்கு வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, கட்டணமும் இல்லை, சொன்ன விபரம் வெளியே போகாது.

எண்ணிக்கை குறைவு என்பது ஒரு நன்மை. அதுவே ஒரு சிரமத்தையும் தருகிறது. ஊரில் அநேகர் இந்த வருத்தமுள்ள ஒருவரை அறிந்து பழகியதில்லை. அதனால் பயம் குறையவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமான ஊர்களில், குளிசைப் போத்தலின் லேபிளைக் கிழித்துவிட்டு ஒளித்துவைப்பவர்கள் இருப்பதில் வியப்பில்லை. அப்படி ஒளிக்கும் ஒருவருக்கு மூன்றாம் கிழமையில் காய்ச்சலும் தடிப்பும் வந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டார் சின்னமுத்து என்பார்கள். அல்லது அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை கட்டி, வெளியாரைச் சேர்க்காமல், மருந்து எதுவும் கொடுக்காமல் படுக்கவைப்பார்கள். உடம்புச் சூடு என்று ஒருவர் இளநீர் கொடுப்பார். இன்னொருவர் பனடோல் கொடுப்பார். பக்கத்து வைத்தியரிடம் போனால், என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்ற கேள்விக்கு ஒன்றுமில்லை என்ற பதில் வரும். இதற்கிடையில் காலையும் மாலையும் அந்தக் குளிசை இரகசியமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நோயை ஒளித்ததில் போன ஒவ்வொரு நாளும் ஆபத்தைக் கூட்டுகிறது.

தூரமும் உண்டு. நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகிலேயே ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதன் பிறகு புங்குடுதீவு, வேலணை வழியாக நகரத்துக்கு வர வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. தீவுகளில் இருப்பவர் மருந்து தொடங்கும்போதே, அவசரத்துக்கு யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்று கிளினிக்கில் கேட்டு வைத்திருக்க வேண்டும். நெடுந்தீவு வைத்தியசாலையில் உள்ளவருக்கு, வந்தவர் என்ன குளிசை எடுக்கிறார் என்று தெரிந்தால் போதும். அடுத்த முடிவை நகரத்து நிபுணரோடு பேசி எடுக்கலாம். தரையில் உள்ளவர்களுக்கு 1990 அம்புலன்ஸ் சேவை 2018இலிருந்து வடமாகாணத்திலும் இருக்கிறது.

தோல் உரியும் நோய் எச்.ஐ.வியின் அடையாளமன்று என்பதையும் ஊர் அறிய வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், யூரிக் அமிலத்தைக் குறைக்கக் கொடுக்கும் அலோபியூரினோல், சாதாரண சல்பா மருந்து ஆகியவையும் இதே விளைவைத் தருகின்றன. இது தொற்றுவதும் இல்லை. இப்படி ஒருவரைக் கண்டு விலகுபவர், தொற்றாத ஒன்றுக்குப் பயந்து விலகுகிறார். விலக்கப்பட்டவரோ அடுத்தமுறை சொல்லாமலேயே இருந்துவிடுவார்.

சொல்லிக் கொடுப்பதற்கு நம்மிடம் பழைய முன்மாதிரி இருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியப் பள்ளி நடத்தி, மேற்கத்தேய வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கி, மாணவர்களுக்குத் தமிழிலேயே படிப்பித்தார். நோயாளியும் அவர் வீட்டாரும் விளங்கிக்கொண்ட மருத்துவம்தான் வேலை செய்யும் என்பது அவர் எடுத்த முடிவு. நூற்றைம்பது ஆண்டு கழித்தும் அந்த முடிவு சரியானது. மருந்து கொடுக்கும் நாளில், மேலே சொன்ன எட்டு அறிகுறிகளையும் எளிய தமிழில் ஒரு தாளில் எழுதி, ஒரு தொலைபேசி இலக்கத்தோடு கொடுத்துவிட்டால், பாதி வேலை முடிந்தது.

இன்றைய நிலை

நெவிராபினின் காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. 2019இலிருந்து உலக சுகாதார நிறுவனம் முதல் வரிசையில் பரிந்துரைப்பது டொலுடெக்ராவிர் சேர்ந்த கூட்டுக் குளிசை. அதனால் கடும் ஒவ்வாமை வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. நாளுக்கு ஒரு குளிசை. 14 நாள் விதி இல்லை. இது பெரிய முன்னேற்றம். ஆனால் கோட்ரைமொக்சசோலும் காசநோய் மருந்துகளும் இன்னும் அதே நோயாளிகளுக்குத் தேவைப்படுகின்றன. சிலருக்கு அபகாவிரும் தேவைப்படுகிறது. மருந்து மாறினாலும், புதிய குளிசை தொடங்கும் எவருக்கும் முதல் ஆறு கிழமை கவனத்துக்குரியதாகவே இருக்கும்.

அந்தக் கவனத்தை வைத்தியர் தனியே கொடுக்க முடியாது. நோயாளி தன் குளிசையின் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் முகம் மாறாத ஒரு வைத்தியரும், கேள்வி கேட்காத ஒரு பாமசிக்காரரும், விலகாத ஒரு வீடும் அவருக்கு வேண்டும். அறிவியல் இன்று எச்.எல்.ஏ. பரிசோதனை வரை வந்துவிட்டது. யாருக்கு அபகாவிர் ஒத்துக்கொள்ளாது என்று இரத்தத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறது. ஒருவர் தன் மருந்தைப் பற்றி அச்சமின்றிப் பேசக்கூடிய ஊரை எந்தப் பரிசோதனையும் உருவாக்கித் தராது. அதை யாழ்ப்பாணத்தில் நாங்கள்தான் உருவாக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் ஏதோ ஒரு மருந்தைத் தொடங்கியிருக்கிறார் என்றால், என்ன வருத்தம் என்று கேட்காதீர்கள். உடம்பில் தடிப்பு ஏதும் வந்ததா, கண் எரிகிறதா, வாயில் புண் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். வந்தது என்றால் அன்றைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.